கல்லூரி நேர அட்டவணைக்குள் உடற்பயிற்சி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தமிழ்நாட்டுக் கல்லூரிகளில் ஹாஸ்டலில் தங்கிப் படிப்பவர்களுக்கும், தினமும் காலேஜ் பஸ்ஸில் வந்து போகிறவர்களுக்கும் உரிய பதில்கள் இவை. ஒரு பை, ஒரு மேசை, ஒரு படிக்கட்டு, வாரத்தில் மூன்று அரை மணி நேரம் இருந்தால் பெரும்பாலானவற்றைச் செய்துவிடலாம்.

வாரத்துக்கு எவ்வளவு செய்தால் போதும்?

உலக சுகாதார நிறுவனம் 2020-ல் வெளியிட்ட பரிந்துரைப்படி, 18 முதல் 64 வயது வரை உள்ளவர்களுக்கு வாரத்தில் 150 முதல் 300 நிமிடம் மிதமான உழைப்பு வேண்டும். கடுமையான உழைப்பு என்றால் 75 முதல் 150 நிமிடம் போதும். இதோடு வாரத்தில் இரண்டு நாளாவது உடம்பின் பெரிய தசைகள் அனைத்துக்கும் வலுப் பயிற்சி வேண்டும்.

மிதமானதா கடுமையானதா என்று பார்க்கக் கருவி தேவையில்லை. பேச முடிகிறது, பாட முடியவில்லை என்றால் மிதமானது. நாலு வார்த்தைக்கு ஒருமுறை மூச்சு வாங்க வேண்டியிருந்தால் கடுமையானது.

2010-ல் வந்த பழைய பரிந்துரையில், ஒரே மூச்சில் 10 நிமிடமாவது செய்தால்தான் கணக்கு என்று இருந்தது. 2020-ல் அந்த நிபந்தனையை எடுத்துவிட்டார்கள். பஸ் நிறுத்தத்திலிருந்து வகுப்பு வரை 6 நிமிடம் வேகமாக நடந்தால் அதுவும் சேரும். பெரிய வளாகங்களில் படிக்கிறவர்களுக்கு நடை ஓரளவு தானாகவே கிடைத்துவிடுகிறது. பலரிடமும் அறவே இல்லாதது வலுப் பயிற்சி. அதனால்தான் கீழே அதற்கு அதிக இடம் தந்திருக்கிறோம்.

எனக்கு நேரமே இல்லை. எங்கிருந்து எடுப்பது?

காலை ஐந்து மணிக்கு அலாரம் வைப்பதில்தான் பெரும்பாலானோர் தொடங்குகிறார்கள். இரவு ஒரு மணிக்குப் படுக்கிறவருக்கு அது நான்காம் நாளே நின்றுவிடும். தூக்கத்திலிருந்து நேரத்தைத் திருடாதீர்கள். இந்த வயதில் ஏழு மணி நேரத் தூக்கம் குறைந்தபட்சத் தேவை. அதைக் குறைத்தால் தசையும் தேறாது, படித்ததும் நிற்காது.

உங்கள் அட்டவணையில் ஏற்கெனவே நகராமல் இருக்கும் ஒன்றோடு பயிற்சியை ஒட்டுங்கள். ஹாஸ்டலில் இருப்பவருக்கு அது மாலைக் குளியல். கடைசி வகுப்பு 4.15-க்கு முடிகிறது என்றால், அறைக்கு வந்ததும் உடை மாற்றி, பயிற்சியை முடித்து, குளித்துவிட்டுத்தான் மற்ற வேலை. கட்டிலில் சாய்ந்து போனை எடுத்தால் அன்றைய பயிற்சி போய்விட்டது என்றே வைத்துக்கொள்ளலாம். அதனால் பயிற்சி உடையைக் காலையிலேயே கட்டில்மேல் எடுத்து வைத்துவிட்டுக் கிளம்புங்கள்.

பஸ்ஸில் வருகிறவர்கள் நிலைமை கடினம். காலை ஆறே காலுக்குக் கிளம்பி மாலை ஆறு மணிக்கு வீடு சேர்கிறவரிடம் வாரநாளில் மூன்று பயிற்சி கேட்பது நியாயமில்லை. சனி, ஞாயிறு இரண்டையும் எடுத்துக்கொண்டு, நடுவில் புதன் ஒன்றை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். அடுத்தடுத்த இரண்டு நாட்கள் வருவதால், சனிக்கிழமை கால் பயிற்சிகள், ஞாயிற்றுக்கிழமை மேலுடம்பு, புதன்கிழமை இரண்டும் கலந்து என்று பிரிக்கலாம். வீட்டுக்குள் நுழைந்ததும் வீட்டு உடைக்குப் பதில் நேராகப் பயிற்சி உடைக்கு மாறுவது இங்கும் உதவும்.

மூன்று மணி நேரம் நின்றுகொண்டே செய்யும் லேப் உள்ள நாளையும், ரெக்கார்டு கொடுக்க வேண்டிய நாளுக்கு முந்தைய மாலையையும் முதலிலேயே விட்டுவிடுங்கள். என்.சி.சி.யில் இருப்பவர்களுக்குப் பரேடு ஒரு நாள் இதயத்துக்கான பயிற்சியாகக் கணக்கில் வரும். வலுப் பயிற்சிக்கு அது ஈடாகாது.

அரை மணி நேரத்தில் என்னதான் செய்வது?

நான்கு பயிற்சிகள், இரண்டு இரண்டாக ஜோடி சேர்த்து. ஜோடி சேர்ப்பதுதான் நேரத்தை மிச்சப்படுத்துகிறது: கால் வேலை செய்யும்போது நெஞ்சும் கையும் ஓய்வெடுக்கும்.

முதல் 4 நிமிடம் உடம்பைச் சூடேற்ற. இரண்டு மாடி ஏறி இறங்குங்கள், எடையில்லாமல் 10 பஸ்கி (உட்கார்ந்து எழுவது), கைகளை இரு பக்கமும் பத்து சுற்று, சுவரில் கை வைத்து 8 தண்டால்.

முதல் ஜோடி, எடை நிரப்பிய பையை (தயார் செய்யும் விதம் கீழே) நெஞ்சோடு அணைத்துப் பஸ்கியும், பை இல்லாமல் தண்டாலும். ஒவ்வொன்றிலும் 8 முதல் 12. ஒன்றை முடித்து ஒரு நிமிடம் நின்று அடுத்தது. இப்படி மூன்று சுற்று. ஏறக்குறைய 10 நிமிடம் ஆகும்.

இரண்டாம் ஜோடி, குனிந்து பையை வயிற்றை நோக்கி இழுப்பதும், இடுப்பைப் பின்னுக்குத் தள்ளிக் குனிந்து நிமிர்வதும். அதே எண்ணிக்கை, அதே ஓய்வு, மூன்று சுற்று. இன்னொரு 10 நிமிடம்.

கடைசியாக முழங்கையூன்றி உடம்பை நேராகப் பிடிக்கும் பிளாங்க், 30 முதல் 40 நொடி, இரண்டு முறை. எல்லாம் சேர்த்து 27 நிமிடத்துக்குள் முடியும். போனில் ஓய்வுக்கு ஒரு நிமிட அலாரம் வையுங்கள். இல்லாவிட்டால் அந்த ஒரு நிமிடம் செய்தி பார்த்து ஆறு நிமிடமாகும். அரை மணி நேரம் போதவில்லை என்பவர்களில் பலருக்குப் போதாமல் போவது இதனால்தான்.

பையை எப்படித் தயார் செய்வது?

நல்ல தையல் உள்ள காலேஜ் பை எடுத்துக்கொள்ளுங்கள். தண்ணீர் நிரப்பிய ஒரு லிட்டர் பாட்டில் ஒரு கிலோ. இரண்டு லிட்டர் பாட்டில் இரண்டு கிலோ. பாட்டில்களையும் தடிமனான புத்தகங்களையும் ஒரு பழைய போர்வையில் சுற்றி உள்ளே திணியுங்கள். சும்மா போட்டால் எடை ஒரு பக்கம் சரிந்து முதுகைக் கோணலாக்கும். ஆரம்பத்தில் 5 கிலோ போதும். இழுக்கும்போது மேல் கைப்பிடியை மட்டும் பிடிக்காதீர்கள், அந்தத் தையல்தான் முதலில் பிரியும்; இரண்டு தோள்பட்டிகளையும் சேர்த்துப் பிடியுங்கள். 15 கிலோவுக்கு மேல் பை தாங்காது. அப்போது பின்காலைக் கட்டில் விளிம்பில் வைத்து, முன்காலால் மட்டும் உட்கார்ந்து எழும் பஸ்கிக்கு மாறுங்கள். அதற்கு 5 கிலோவே மறுபடி கனமாக இருக்கும்.

இந்த நான்கிலும் பொதுவாக எங்கே தவறு நடக்கிறது?

பஸ்கியில் குதிகால் தரையிலிருந்து எழும்பிவிடும். கணுக்கால் இறுக்கம்தான் பெரும்பாலும் காரணம். குதிகாலுக்குக் கீழே இரண்டு சென்டிமீட்டர் தடிமன் உள்ள பலகையோ புத்தகமோ வைத்துச் செய்யுங்கள். முட்டி, கால் விரல்களின் திசையிலேயே போகட்டும்; உள்பக்கம் மடங்கினால் எடை அதிகம் என்று பொருள்.

தண்டாலில் இரண்டு பிழைகள். இடுப்பு தொங்கினால் கீழ்முதுகு வலிக்கும். வயிற்றையும் பிட்டத்தையும் இறுக்கிப் பிடித்தால் சரியாகும். முழங்கைகள் உடம்புக்குச் செங்குத்தாக விரிந்தால் தோள்மூட்டின் முன்பக்கம் வலிக்கும். முழங்கை உடம்போடு சுமார் 45 டிகிரியில் இருக்கட்டும்.

பையை இழுக்கும்போது உடம்பை உதறி எழுப்புவது வழக்கமான குறுக்குவழி. ஒரு கையைக் கட்டிலில் ஊன்றி, மறு கையால் இழுத்தால் உதற முடியாது. மேலே ஒரு நொடி நிறுத்துங்கள்.

குனிந்து நிமிர்வதில் முதுகு வளையும். சுவருக்கு முதுகு காட்டி ஓரடி தள்ளி நின்று, பிட்டத்தால் சுவரைத் தொடும்வரை இடுப்பைப் பின்னுக்குத் தள்ளுங்கள். முட்டி லேசாக மடங்கினால் போதும். தொடையின் பின்பக்கம் இழுபடுவது தெரிய வேண்டும். கீழ்முதுகில் மட்டும் இழுப்பு தெரிந்தால் அவ்வளவு ஆழம் வேண்டாம்.

ஒரு தண்டால்கூட வரவில்லையே?

சுவரில் தொடங்குங்கள். 15 எளிதாக வந்ததும் மேசை விளிம்பு, அதிலும் 12 வந்ததும் கட்டில் அல்லது இரண்டாம் படிக்கட்டு, பிறகு தரை. மேசை நகராமல் சுவரில் முட்டுக்கொடுத்திருக்க வேண்டும். உயரம் குறையக் குறையக் கையில் விழும் எடை கூடும். முட்டிபோட்டுச் செய்வதைவிட இந்த வழி மேல் என்பது எங்கள் கருத்து, ஏனென்றால் முதல் நாளிலிருந்தே முழு உடம்பையும் நேராகப் பிடித்துப் பழகுகிறீர்கள். தரையில் 20 தாண்டிவிட்டால் காலைக் கட்டிலில் தூக்கி வையுங்கள்.

எப்போது எடையைக் கூட்டுவது?

ஒரு பயிற்சியின் மூன்று சுற்றிலும் 12 வந்துவிட்டால், அடுத்த முறை ஒன்று அல்லது இரண்டு கிலோ கூட்டி 8-லிருந்து தொடங்குங்கள். ஒவ்வொரு சுற்றையும் இன்னும் இரண்டு மூன்றுதான் வரும் என்ற நிலையில் நிறுத்துங்கள். இன்னும் பத்து செய்யலாம் என்ற நிலையில் தினமும் நிறுத்துகிறவருக்கு மாதக்கணக்கில் செய்தாலும் மாற்றம் தெரியாது. ஜிம்மில் சேர்ந்தும் பலன் இல்லை என்பவர்களிடம் பெரும்பாலும் காண்பது இதுதான்: ஜூனில் தூக்கிய அதே எடை, டிசம்பரிலும்.

நோட்டின் கடைசிப் பக்கத்தில் தேதி, எடை, எண்ணிக்கை எழுதி வையுங்கள். நினைவில் வைத்துக்கொள்ளலாம் என்று விட்டால் இரண்டாம் வாரமே குழம்பும்.

நான்கு நிமிடத் தபாட்டா போதும் என்கிறார்களே?

1996-ல் ஜப்பானில் இசுமி தபாட்டா குழுவினர் வெளியிட்ட ஆய்விலிருந்து வந்த பெயர் அது. அதில் கலந்துகொண்டவர்கள் ஏற்கெனவே விளையாட்டுப் பழக்கம் உள்ள இளைஞர்கள். ஆய்வக சைக்கிளில் 20 நொடி மிதித்து 10 நொடி ஓய்வு, ஏழெட்டு சுற்று. மிதித்த தீவிரமோ, உடம்பு உச்சமாக ஆக்சிஜன் பயன்படுத்தும் அளவுக்கு உரிய உழைப்பைப்போல 170 விழுக்காடு. கடைசியில் மிதிக்க முடியாமல் போகும் நிலை. வாரம் 5 நாள், 6 வாரம், அதில் ஒரு நாள் 30 நிமிட மிதமான சைக்கிளும் உண்டு. வீடியோ பார்த்து அறையில் துள்ளிக் குதிப்பது அந்த உழைப்புக்கு அருகில்கூட வராது. பழக்கமில்லாதவர் அந்த உழைப்புக்கு முயல்வதும் நல்லதல்ல.

உங்களுக்கு ஒத்துவரும் ஆய்வு வேறொன்று இருக்கிறது. கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில், உடற்பயிற்சிப் பழக்கமே இல்லாத இளைஞர்களை 60 படிகளை வேகமாக ஏறச் சொன்னார்கள். ஒரு நாளைக்கு மூன்று முறை, இடையில் ஒன்று முதல் நான்கு மணி நேர இடைவெளி, வாரம் 3 நாள், 6 வாரம். 2019-ல் வெளியான முடிவில் அவர்களுடைய இதய, நுரையீரல் திறன் சிறிதளவு என்றாலும் தெளிவாக உயர்ந்திருந்தது. 60 படி என்பது சுமார் மூன்று மாடி. காலை வகுப்புக்கு, மதிய உணவு முடிந்து ஒரு மணி நேரம் கழித்து, மாலை அறைக்கு என்று மூன்று முறை கிடைத்துவிடும். கைப்பிடிக்கு அருகிலேயே ஏறுங்கள், இறங்கும்போது வேகம் வேண்டாம், ஈரமாக இருந்தால் அன்று விட்டுவிடுங்கள்.

ஓட்டம் தொடங்க ஆசை. முதல் வாரமே முழங்காலுக்குக் கீழே முன்பக்கம் வலிக்கிறது.

திடீரெனத் தூரத்தைக் கூட்டியதுதான் பெரும்பாலும் காரணம். தேய்ந்த ஷூவும் சிமெண்ட் தரையும் அதை மோசமாக்கும். ஒரு நிமிடம் மெதுவோட்டம், இரண்டு நிமிடம் நடை; இதை ஏழு முறை செய்தால் 21 நிமிடம். வாரம் இரண்டு நாள் போதும். இரண்டு வாரம் கழித்து ஒன்றுக்கு ஒன்று, அடுத்த இரண்டு வாரம் இரண்டுக்கு ஒன்று. ஓடும்போது பக்கத்தில் வருபவரோடு பேச முடியும் வேகம்தான் சரியான வேகம். எலும்பில் ஒரே புள்ளியில் விரல் வைத்தால் சுருக்கென்று வலித்தால் ஓட்டத்தை நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள். எலும்பில் நுண்விரிசலாக இருக்கலாம்.

ஏப்ரல், மே வெயிலில் காலை ஏழு மணிக்குள் முடித்துவிடுங்கள், அல்லது வெயில் தாழ்ந்தபின் தொடங்குங்கள். சூட்டுக்கு உடம்பு பழக ஒன்று முதல் இரண்டு வாரம் ஆகும். தலைசுற்றல், குமட்டல், வியர்வையோடு உடம்பு சில்லிடுதல் வந்தால் நிழலில் படுத்துக் காலை உயர்த்தி, தண்ணீரோ உப்புச்சர்க்கரைக் கரைசலோ குடியுங்கள். பேச்சு குழறினால் அது அவசர நிலை. உடம்பில் தண்ணீர் ஊற்றிக் குளிர வைத்துக்கொண்டே மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும்.

காலையா, மாலையா, இரவா?

உங்களால் தொடர முடிகிற நேரம். முழுச் சாப்பாட்டுக்குப் பின் இரண்டு மணி நேரமாவது இடைவெளி விடுங்கள்; பசித்தால் அரை மணி முன்பு ஒரு வாழைப்பழம். இரவில் செய்கிறவர்கள் படுப்பதற்கு ஒரு மணி நேரம் முன்பாவது முடித்துவிட வேண்டும், இல்லையென்றால் தூக்கம் தள்ளிப்போகும்.

இன்டர்னல், செமஸ்டர் நேரத்தில்?

முழுவதும் நிறுத்துவதுதான் பெரிய பிழை, ஏனென்றால் தேர்வு முடிந்தபின் மறுபடி தொடங்க ஆறு வாரம் ஆகிவிடுகிறது. வாரத்துக்கு ஒரு நாள், ஒவ்வொரு பயிற்சிக்கும் ஒரே ஒரு சுற்று, ஆனால் எடையைக் குறைக்காமல். இவ்வளவு செய்தாலே ஏற்கெனவே சேர்த்த வலு சில மாதங்களுக்குக் குறையாமல் நிற்கும். 12 நிமிடத்தில் முடியும். எடையைக் குறைத்து எண்ணிக்கையைக் கூட்டுவது இங்கே பலன் தராது.

மற்ற நாட்களில் ஒரு மணி நேரம் உட்கார்ந்து படித்தால் ஐந்து நிமிடம் வராந்தாவில் நடங்கள். விடிய விடியப் படித்த மறுநாள் கனமான பயிற்சி வேண்டாம்.

மெஸ் சாப்பாட்டில் புரதம் போதுமா?

பொதுவாகப் போதாது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2020 பரிந்துரை, உடல் எடையில் ஒரு கிலோவுக்கு 0.83 கிராம், 60 கிலோ உள்ளவருக்கு 50 கிராம். வலுப் பயிற்சி செய்கிறவருக்கு 1.2 முதல் 1.6 கிராம் வரை பயன் தரும். அதே நபருக்கு 72 முதல் 96 கிராம்.

இட்லி, சோறு, சாம்பாரிலிருந்து ஓரளவு வந்துவிடும். மீதியை இப்படி நிரப்பலாம்: ஒரு முட்டை 6 கிராம், 200 மில்லி பால் சுமார் 6, ஒரு கைப்பிடி (30 கிராம்) வேர்க்கடலை 7, 50 கிராம் பொட்டுக்கடலை 10, ஒரு கப் கொண்டைக்கடலைச் சுண்டல் 12, உலர்ந்த எடையில் 30 கிராம் சோயா உருண்டை 15. பொட்டுக்கடலையும் வேர்க்கடலையும் அறையில் டப்பாவில் கெடாமல் இருக்கும், அடுப்பு வேண்டாம். இந்த இரண்டும் இரண்டு முட்டையும் சேர்ந்தால் கிட்டத்தட்ட 30 கிராம் வந்துவிடுகிறது. புரதப் பவுடர் உணவுக்கு எளிய மாற்று மட்டுமே. தனிச் சக்தி எதுவும் அதில் இல்லை. லேபிள் இல்லாத டப்பாவில் பிரித்துத் தரும் பவுடரையும், ஜிம்மில் யாராவது தரும் ஊசியையும் தொடவே தொடாதீர்கள்.

மாதவிடாய் நாட்களில் செய்யலாமா? ஹாஸ்டல் கேட் சீக்கிரமே பூட்டிவிடுகிறார்களே?

செய்யலாம். நிறுத்த மருத்துவக் காரணம் எதுவும் இல்லை. பலருக்கு லேசான நடையே வயிற்றுவலியைக் குறைக்கிறது. உதிரப்போக்கு அதிகமுள்ள நாளில் ஒரு சுற்றைக் குறைத்துக்கொள்ளுங்கள். மேலே சொன்ன பயிற்சி முழுவதும் இரண்டு கட்டிலுக்கு நடுவே உள்ள இடத்தில் செய்யக்கூடியது, குதிப்பதும் இல்லை. அதனால் கேட் பூட்டிய பின்னும் கீழ் அறைக்காரர்களுக்குத் தொந்தரவில்லாமல் செய்யலாம். ஓடுகிறவர்கள் பொருத்தமான ஸ்போர்ட்ஸ் பிரா வாங்குவதை ஷூவுக்குச் சமமான தேவையாக நினையுங்கள்.

இரண்டு மாடி ஏறினாலே இரைக்கிறது, அடிக்கடி தலைசுற்றுகிறது என்றால் உடம்பு பழகவில்லை என்று உங்களையே குறை சொல்லிக்கொள்ளாமல் ஹீமோகுளோபின் பாருங்கள். ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வின்படி இந்தியாவில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 57 விழுக்காட்டினருக்கு ரத்தசோகை. 12 கிராமுக்குக் கீழே இருந்தால் மருத்துவர் சொல்லும் இரும்புச்சத்து மாத்திரையை எடுத்துக்கொண்டு, டீ, காபியைச் சாப்பாட்டிலிருந்து ஒரு மணி நேரம் தள்ளி வையுங்கள். அது சரியாகும்வரை லேசான பயிற்சி போதும்.

மறுநாள் உடம்பெல்லாம் வலி. நிறுத்த வேண்டுமா?

தசை முழுவதும் மந்தமாக வலித்து, இரண்டாம் நாள் உச்சத்துக்குப் போய், நான்கைந்து நாளில் மறைந்தால் அது இயல்பு. நடந்துகொண்டிருங்கள். மூட்டுக்குள் குத்தும் வலி, ஒரு பக்கம் மட்டும் வீக்கம், கைகால் மரத்துப்போதல் இயல்பல்ல.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டும். பழக்கமில்லாதவர் போட்டிக்காகவோ தண்டனையாகவோ ஒரே நாளில் நூற்றுக்கணக்கில் தோப்புக்கரணமோ பஸ்கியோ போட்டபின், தொடை கடுமையாக வீங்கி, சிறுநீர் கோலா நிறத்தில் வந்தால் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். தசை இழைகள் சிதைந்து அவற்றிலிருந்து கசியும் மயோகுளோபின் என்ற புரதம் சிறுநீரகத்தைச் செயலிழக்கச் செய்யக்கூடும். மாணவர்களை இப்படித் தண்டிக்கும் வழக்கம் எங்கே இருந்தாலும் நிறுத்தப்பட வேண்டும்.

ஜிம்மில் சேர்வது அவசியமா?

முதல் நான்கைந்து மாதம் தேவையில்லை. கல்லூரியிலேயே ஜிம் இருந்தால் பி.டி. ஆசிரியரிடம் நேரம் கேளுங்கள். போய் வர 40 நிமிடம் ஆகும் ஜிம்முக்கு ஆண்டுக் கட்டணம் கட்டாதீர்கள். முதுகுக்கு மட்டும், தொங்கிப் பயிற்சி செய்யும் கம்பி (பார்) பெரிய உதவி. மைதானத்தில் இருந்தால், குதித்துப் பிடித்து ஐந்து நொடியில் மெதுவாக இறங்குவதை மூன்று முறை, மூன்று சுற்று செய்துவாருங்கள். முதல் புல்-அப் அப்படித்தான் வரும்.

காய்ச்சலில் படுத்துவிட்டேன். எங்கிருந்து மறுபடி தொடங்குவது?

காய்ச்சல் இருக்கும்போது பயிற்சி கூடவே கூடாது. டெங்கு என்றால் ரத்தத் தட்டணுக்கள் இயல்புக்கு வந்துவிட்டன என்று மருத்துவர் சொல்லும்வரை காத்திருங்கள். சாதாரணக் காய்ச்சல் என்றால், மாத்திரை இல்லாமல் காய்ச்சல் நின்று, வழக்கம்போலச் சாப்பிட்டு, மாடிப்படி இரைக்காமல் ஏற முடிந்தபின் தொடங்கலாம். நெஞ்சில் வலியோ படபடப்போ இருந்தால் முதலில் மருத்துவர்.

ஒரு வாரம் விட்டிருந்தால் அதே எடை. இரண்டு மூன்று வாரம் என்றால் எடையில் ஐந்தில் ஒரு பங்கைக் குறைத்து இரண்டு சுற்று. ஒரு மாதத்துக்கு மேல் என்றால் பாதி எடையில், முதல் வாரம் முழுவதும் ஒவ்வொன்றுக்கும் ஒரே சுற்று. மறுநாள் வலி லேசாக இருந்தால் அடுத்த வாரம் இரண்டாம் சுற்றைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.